கெய்ரோவில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை

தஹ்ரீர் சதுக்கத்தின் இளஞ்சிவப்பு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, மூச்சு வாங்க மாடியேறி, "துட்டன்காமுன் முகமூடி எங்கே?" என்று காவலரிடம் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர் மேற்கே கையைக் காட்டுவார். அடுத்து "மம்மிகள்?" என்று கேட்டால் கை தெற்கே திரும்பும். பத்து வருடத்துக்கு முந்தைய பயணக் குறிப்பை நம்பி கெய்ரோ வருபவர்களுக்கு முதலில் விழும் அடி இதுதான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பார்க்க வந்த பொருள் அங்கே இல்லை.

இந்த ஊரில் பொருள்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். பள்ளிவாசல் கதவு இன்னொரு பள்ளிவாசலில் இருக்கும், விளக்கு அருங்காட்சியகத்தில் இருக்கும், சுல்தானுக்குக் கட்டிய கல்லறையில் சுல்தான் இருக்கமாட்டார். ஆகவே "எந்த அருங்காட்சியகம் நல்லது" என்று கேட்பதைவிட, "எனக்கு வேண்டியது இப்போது எங்கே இருக்கிறது" என்று கேட்டுத் திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஃபாரோ மன்னர் இரண்டாம் ராம்செஸையே எடுத்துக்கொள்வோம். 11 மீட்டர் உயரமும் சுமார் 83 டன் எடையும் உள்ள அவருடைய சிலை 1820-இல் பழைய மெம்ஃபிஸ் நகரம் இருந்த மீத் ரஹீனாவில் கிடைத்தது. 1955-இல் கெய்ரோ ரயில் நிலையத்தின் முன் நிறுத்தினார்கள். அரை நூற்றாண்டு வண்டிப் புகையைக் குடித்தபிறகு 2006-இல் கீசாவுக்குப் போனது. இப்போது புதிய பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் நிற்கிறது. உடல் கதை தனி. திருடர்களுக்குப் பயந்து பூசாரிகளே அதை ஒரு கல்லறையிலிருந்து இன்னொரு கல்லறைக்கு மாற்றி, மாற்றிய விவரத்தைச் சவப்பெட்டி மேலேயே மையால் எழுதிவைத்திருக்கிறார்கள். 1881-இல் லக்சருக்கு எதிரே உள்ள தைர் அல்-பஹ்ரி மறைவிடத்திலிருந்து வெளிவந்தது, 1976-இல் பூஞ்சைக்கு வைத்தியம் பார்க்க பாரிஸ் போய்த் திரும்பியது, 2021 ஏப்ரல் 3 அன்று ஊர்வலமாக ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிலை நகரத்தின் மேற்கு ஓரத்தில், உடல் தெற்கில். நடுவில் கெய்ரோவின் போக்குவரத்து நெரிசல்.

அந்த நெரிசலை மனத்தில் வைத்துத்தான் நாள்களைப் பிரிக்க வேண்டும். கீசாவுக்கு ஒரு நாள், தஹ்ரீருக்கு அரை நாள், ஃபுஸ்தாத்தும் பழைய கெய்ரோவும் சேர்த்து ஒரு நாள், இஸ்லாமியக் கெய்ரோவுக்குக் குறைந்தது ஒன்றரை நாள். இதைவிடக் குறைவான நாள்தான் இருக்கிறதென்றால் ஒன்றை அடியோடு விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓடுவதில் வண்டியின் ஜன்னல்தான் அதிகம் தெரியும்.

கீசாவின் புதிய அருங்காட்சியகம் முறைப்படி 2025 நவம்பரில் திறந்தது. துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை முதல்முறையாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்ப வேண்டாம். பெரும்பாலோர் செய்யும் தவறு, காலையில் பிரமிடு, மதியம் அருங்காட்சியகம் என்று ஒரே நாளில் அடக்கப் பார்ப்பது. பிரமிடு மேடு வெயிலும் மணலுமாக ஆளை உறிஞ்சிவிடும். மதியம் ஒரு மணிக்கு உள்ளே வரும்போது கால் கெஞ்சும், சுற்றுலாப் பேருந்துகளும் அதே நேரத்துக்குத்தான் வந்து இறங்கும். தனி நாள் ஒதுக்கி, திறந்த உடனே போய், வழியில் எதற்கும் நிற்காமல் துட்டன்காமுன் கூடங்களை முதலில் பார்த்துவிட்டு, கூட்டம் அங்கே பெருகும்போது பெரிய படிக்கட்டுக்குத் திரும்புங்கள். படிக்கட்டின் உச்சியில் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் பிரமிடுகள். கால் வலிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே நகரும் படிகள் உண்டு.

வாசலில் நிற்கும் தூபியை எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதன் அடியில் போய் நின்றுதான் அண்ணாந்து பார்க்க வேண்டும். தூபியைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, அடிப்பாகம் கண்ணாடி வழியே தெரியும்படி செய்திருக்கிறார்கள். முதலில் நின்ற இடத்தில் அடிக்கல்லுக்குள் மறைந்து கிடந்த ராம்செஸின் பெயர் முத்திரையை இப்போது யாரும் படிக்கலாம்.

இவ்வளவும் போனபிறகு தஹ்ரீரில் என்ன மிச்சம்? நிறைய. சொல்லப்போனால் தஹ்ரீர் இப்போதுதான் நிம்மதியாகப் பார்க்கக்கூடிய இடமாக ஆகியிருக்கிறது. 1902-இல் திறந்த கட்டடம். கூரைக் கண்ணாடி வழியாக வரும் பகல் வெளிச்சத்தை நம்பிக் கட்டியது, அதனால் சாயங்காலம் போனால் பாதி சிலைகள் நிழலில் கிடக்கும். காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை சரியான நேரம். முதல் வேலையாக நார்மர் மன்னனின் பலகையைத் தேடுங்கள். 64 செ.மீ. உயரத்தில் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறக் கல் பலகை, சுமார் 5,000 வருடப் பழமை. இரண்டு பக்கமும் செதுக்கல், ஆகவே சுற்றிவந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் மன்னன் தென்னாட்டின் வெள்ளைக் கிரீடத்தோடு, மறு பக்கத்தில் வடநாட்டின் சிவப்புக் கிரீடத்தோடு. இரண்டு விசித்திர மிருகங்களின் நீண்ட கழுத்துகள் பின்னிக்கொண்டு நடுவில் ஒரு வட்டக் குழியை உண்டாக்குகின்றன. கண்ணுக்குத் தீட்டும் மை அரைக்கும் குழி அது. மை அரைக்கும் கல்லில் ஒரு நாடு ஒன்றான கதையை எழுதிவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, நைல் டெல்டாவின் பழைய தலைநகரான தானிஸின் புதையல். 1939, 1940-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் மோந்தே கண்டெடுத்த அரசக் கல்லறைகள், அவற்றில் கொள்ளை போகாதவையும் உண்டு. உலகம் போரைக் கவனித்துக்கொண்டிருந்ததால் இதை யாரும் கவனிக்கவில்லை. மன்னர் முதலாம் சூசென்னஸின் வெள்ளிச் சவப்பெட்டியும் பொன் முகமூடியும் ஒரு காலத்தில் துட்டன்காமுன் கூட்டத்தின் பக்கத்தில் தனியே கிடந்தன. இன்று அந்த முகமூடிக்கு முன்னால் அவசரமில்லாமல் நின்று பார்க்கலாம்.

மம்மிகள் ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்தில். 18 அரசர்கள், 4 அரசிகள். கல்லறைக்குள் இறங்குவதுபோலச் சரிவாக இறங்கும் இருட்டான பாதை. உள்ளே படம் எடுக்கத் தடை, போனைக் கையில் பிடித்திருந்தாலே காவலர் வந்து நிற்பார். மன்னர் செகெனென்ரே தாவோவின் மண்டையில் கோடரி வெட்டுகள் அப்படியே தெரியும், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

அங்கிருந்து பழைய கெய்ரோவுக்கு டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான். நேரே வருபவர்களுக்கு மெட்ரோ முதல் தடத்தில் மார் கிர்கிஸ் நிலையம், வெளியே வந்தால் எதிரிலேயே ரோமானியக் கோட்டைச் சுவர். காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) அருங்காட்சியகத்தில் 1945-இல் நாக் ஹம்மாதி என்ற ஊரில் கிடைத்த தோலட்டைச் சுவடிகள் இருக்கின்றன, பழைய வீடுகளிலிருந்து கழற்றிவந்த மரக் கூரைகளையும் பாருங்கள். கோட்டை வாயிலின் மேலேயே நிற்கும் தொங்கு தேவாலயத்தில், தரையில் பதித்த கண்ணாடி வழியே கீழே உள்ள ரோமானியக் கட்டடம் தெரியும்.

சந்துக்குள் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடம். இதைத் தேடி வருபவர்கள் தேடுவது அதன் காகித அறையை, கெனீசாவை. கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பதால் நூற்றாண்டுக் கணக்கில் எல்லாத் தாளையும் ஓர் அறைக்குள் போட்டுவைத்தார்கள்: வேதப் பிரதி, திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், வியாபாரக் கடிதம். அதில் 12-ஆம் நூற்றாண்டில் இந்தியாவோடு வியாபாரம் செய்தவர்களின் கடிதங்களும் உண்டு. மங்களூரில் பல வருடம் தங்கித் தொழில் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் மிளகு, பாக்கு, இரும்புக் கணக்கெல்லாம் இந்த அறையிலிருந்து வெளிவந்ததுதான். ஆனால் ஒரு தாள்கூட இங்கே இல்லை. 1896-97-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் வந்து மிகப் பெரும் பகுதியை கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார், சுமார் 1,93,000 துண்டுகள் அங்கே இருக்கின்றன. கூடத்தைப் பார்க்கலாம், அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். கடிதத்தைப் பார்க்க இங்கிலாந்து போக வேண்டும்.

அதே நாளில் நேரம் மிஞ்சினால், ரோதா தீவின் தென்முனையில் மிக்யாஸ், நைல் அளவுக் கிணறு. 861-இல் கட்டியது. நடுவில் எட்டுப்பட்டைத் தூண், அதில் முழக் கணக்கு. ஆற்றுத் தண்ணீர் வெவ்வேறு மட்டத்தில் மூன்று சுரங்கம் வழியாக உள்ளே வரும். கிணற்றுக்குள் அலை அடிக்காது, அதனால் அளவு துல்லியமாக விழும். 16 முழம் ஏறினால் நல்ல விளைச்சல், வரி போடலாம். அதற்குக் கீழே என்றால் பஞ்சம், ரொம்ப மேலே என்றால் ஊரே மூழ்கும். 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபிறகு வெள்ளமே வருவதில்லை, சுரங்கமும் அடைத்தாயிற்று. படிகள் குறுகல், வழுக்கும் செருப்போடு இறங்க வேண்டாம். பூட்டியிருந்தால் காவலாளியைத் தேடிப்பிடிக்க வேண்டும், பக்கத்தில்தான் எங்காவது தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். சுவரில் உள்ள கூர்முனை வளைவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி இஸ்லாமியக் கெய்ரோ. இங்கேதான் நடக்க வேண்டும். இப்னு துலூன் பள்ளிவாசலில் (876-879) தொடங்குவது நல்லது. எகிப்தில் எங்கே பார்த்தாலும் கல், இதுவோ செங்கல்லும் சுண்ணப்பூச்சும். வாசலில் செருப்புக்கு மேலே துணி உறை கட்டிவிடுவார்கள், திரும்பும்போது பக்ஷீஸ் எதிர்பார்ப்பார்கள். சில்லறை நோட்டு இல்லாமல் கெய்ரோவில் ஒரு நாள் ஓட்டுவது கஷ்டம். ஐந்து பவுண்டு நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இருப்பது இதே இப்னு துலூன். நூறு பவுண்டில் சுல்தான் ஹசன். நோட்டின் ஒரு பக்கம் அரபி, மறு பக்கம் ஆங்கிலம், புதிதாக வருபவர்கள் ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். அரபி எண்ணில் புள்ளிதான் பூஜ்யம். நம் பூஜ்யம்போல வட்டமாக இருப்பது ஐந்து. விலைப்பலகையிலும் வீட்டு எண்ணிலும் ஏமாறுவது இந்த ஒரு எழுத்தில்தான்.

ஒட்டியே கேயர்-ஆண்டர்சன் அருங்காட்சியகம். 16, 17-ஆம் நூற்றாண்டு வீடுகள் இரண்டை ஒரு பாலம் இணைக்கிறது. மேல்மாடியில் அலமாரிக் கதவைத் திறந்தால் மறைவான மாடம், வீட்டுப் பெண்கள் அங்கிருந்து கீழே வரவேற்புக் கூடத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் அதிகாரியின் பெயர் சொல்லும் வெண்கலப் பூனை லண்டனில். இங்கே இருப்பது நகல்.

அங்கிருந்து சுல்தான் ஹசன் பள்ளிவாசல், 1356-இல் தொடங்கியது. வாயில் மட்டும் 38 மீட்டர். கெய்ரோவில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், பிரமிடு ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். இருண்ட, திரும்பித் திரும்பிப் போகும் நடைவழியில் போய்த் திடீரென்று வெயில் கொட்டும் முற்றத்தில் வந்து நிற்பீர்கள். நான்கு பக்கமும் நான்கு பெரும் வளைவுகள், ஒவ்வொன்றும் சுன்னி இஸ்லாமின் சட்ட மரபு ஒன்றுக்கு. வளைவுகளின் உச்சியிலிருந்து சங்கிலிகள் தொங்கும். கிப்லா சுவருக்கு, அதாவது மக்கா திசையில் உள்ள சுவருக்கு, பின்னால் குவிமாடத்தின் கீழ் கல்லறை. சுல்தானை 1361-இல் கொன்றுவிட்டார்கள், உடல் கிடைக்கவே இல்லை. கல்லறையில் அவர் இல்லை.

அந்தச் சங்கிலிகளில் தொங்கிய பழைய விளக்குகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே முஹம்மது அலி தெருவில் வடமேற்காக ஒரு கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே நடங்கள். பாப் அல்-கல்க் வரும். இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 2014 ஜனவரியில் எதிரே உள்ள காவல் தலைமையகத்தில் வெடித்த குண்டில் இந்தக் கட்டடமும் சிதறியது, 2017-இல் மறுபடி திறந்தது. அவ்வளவு நல்ல அருங்காட்சியகத்தில் கூட்டமே இருக்காது என்பது ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் வசதி.

விளக்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் குடம், வாய் புனல்போல விரிந்தது, வயிறு உப்பியது, சங்கிலி மாட்டச் சின்னச் சின்னக் காதுகள். மேலே நீலம், சிவப்பு, பொன் நிற எனாமல். கழுத்தைச் சுற்றி ஓடும் எழுத்து குர்ஆனின் ஒளி வசனம், 24:35. இறைவனின் ஒளியை, மாடத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்குக்கு ஒப்பிடும் வசனம். அதையே விளக்கின்மேல் எழுதியிருக்கிறார்கள். உள்ளே தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிய சின்னக் கிண்ணத்தில் திரி எரியும்போது, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு எழுத்து எரியும். காட்சிப்பெட்டியில் அது தெரியாது, மனத்தால் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பெட்டியைத் தவறவிடாதீர்கள். உள்ளங்கை அகல மண் சல்லடைகள். தண்ணீர்க் கூஜாவின் கழுத்துக்குள் பூச்சி போகாமலிருக்க வைத்த ஓட்டைத் தட்டுகள், ஃபுஸ்தாத் குப்பை மேடுகளில் கிடைத்தவை. அந்த ஓட்டைகளையே மயிலாக, மீனாக, யானையாக, எழுத்தாகக் குடைந்திருக்கிறார்கள். கூஜா கழுத்துக்குள் எட்டிப் பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் வேலை. கடைத்தெருவில் மலிவாக விற்ற மண்பாண்டத்துக்கு யார் இவ்வளவு மெனக்கெட்டார்கள்!

வெளியே வந்து அஹ்மத் மாஹிர் தெரு வழியாகக் கிழக்கே பத்து நிமிடம். தகரக் கடை, விளக்குக் கடை, சுத்தியல் சத்தம். முடிவில் பாப் ஸுவைலா, 1092-இன் நகர வாயில், அதை ஒட்டி சுல்தான் முஅய்யத் பள்ளிவாசல். அதன் பிரதான வெண்கலக் கதவு சுல்தான் ஹசனிடமிருந்து வந்தது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஅய்யத் தன் பள்ளிவாசல் கட்டும்போது அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார், ஏதோ ஒரு தொகையும் கொடுத்தார். ஆக, கட்டடம் ஓரிடம், விளக்கு ஓரிடம், கதவு ஓரிடம். மூன்றையும் ஒரே காலை நடையில் பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு நடை மட்டும்தான் முடியும் என்பவர்களுக்கு இதுவே போதும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மதியத் தொழுகைக்காகப் பள்ளிவாசல்கள் பார்வையாளர்களுக்கு மூடிவிடும். ரமலானில் அருங்காட்சியகங்களும் சீக்கிரம் மூடும். பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொண்டால் வாசலில் தரும் மேலங்கி தேவைப்படாது.

பசித்தால் கோஷரி. சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம், மேலே தக்காளிச் சாறு, இறைச்சி கிடையாது. பூண்டு வினிகரைத் தாராளமாக ஊற்றலாம், ஷத்தா என்கிற மிளகாய்ச் சாற்றைச் சொட்டு விட்டு ருசி பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அரசு அருங்காட்சியகங்களிலும் பல தொல்லிடங்களிலும் டிக்கெட்டுக்குக் கார்டுதான், ரொக்கம் வாங்குவதில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்புமுன் வங்கியில் திறந்துவைக்காதவர்கள் வாசலில் நின்று தவிப்பதைத் தினமும் பார்க்கலாம். இரண்டு கார்டு வைத்திருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெளியே யாராவது "இன்று மூடியிருக்கிறது, தொழுகை நேரம்" என்று சொன்னால் நம்பாமல் வாசல்வரை போய்ப் பாருங்கள். அவர் கூட்டிப்போகும் இடம் பாப்பிரஸ் கடையாகத்தான் இருக்கும், விற்பது பெரும்பாலும் வாழை நார்த் தாளாக இருக்கும். நல்ல பாப்பிரஸை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை தெரியும், வளைத்தால் உடையாது.

மறுநாள் பாப் ஸுவைலாவிலிருந்து வடக்கே அல்-முஇஸ் தெரு. சுல்தான் கலாவூன் கட்டடத்தை ஒட்டி அல்-நாசிர் முஹம்மது மதரஸா. அதன் வாசல் வேறு மாதிரி இருக்கும்: ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய பளிங்குத் தூண்கள், கூர்முனை வளைவு. 1291-இல், இன்றைய இஸ்ரேலில் உள்ள அக்கா நகரத்தைச் சிலுவைப் போராளிகள் இழந்தபோது அங்கே ஒரு தேவாலயத்திலிருந்து கழற்றிவந்த வாசல் இது. உச்சியில் "அல்லாஹ்" என்று ஒரு சொல் செதுக்கிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். கூர்முனை வளைவே இந்த வாசலோடுதான் வந்தது என்று நினைத்துவிடாமலிருக்க மிக்யாஸில் பார்த்த வளைவு இங்கே உதவும். அந்த வளைவு இந்த ஊருக்கு, அக்கா நகரம் விழுவதற்கு 430 வருடம் முன்பே தெரியும்.

கடைசியாக, பக்கத்துத் தெருவான ஜமாலிய்யாவில் பைபர்ஸ் அல்-ஜாஷன்கீரின் சூஃபி மடம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, சுற்றுலாக் கூட்டம் வராது. செருப்பைக் கழற்றக் குனியும்போது வாசற்படியைப் பாருங்கள். ஃபாரோ காலத்துக் கல். 700 வருடம் மிதிபட்டும் சித்திர எழுத்துகள் இன்னும் தேயாமல் இருக்கின்றன.